ஒரு வாளித் தண்ணீரின் வரலாறு

கொழும்பின் ஆடிவேல் விழா வாந்திபேதியின் பிள்ளை. செட்டியார் தெரு வணிகர்கள் கதிர்காமக் கந்தனுக்கு வேல் கொண்டுபோன காலத்தில், காட்டுவழி யாத்திரையோடு வாந்திபேதியும் ஊர் ஊராக நடந்தது. 1870களில் குடியேற்ற அரசு யாத்திரையைக் கட்டுப்படுத்தியது. கதிர்காமத்துக்குப் போக முடியாத வேல் 1874 முதல் கொழும்புக்குள்ளேயே உலா வரத் தொடங்கியது என்பதுதான் நகரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் செட்டியார் தெருவில் புறப்படும் தேர், காலிமுகத்திடலைத் தாண்டி, காலி வீதிவழியே பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் வரும். தேர் போன வழியெல்லாம் கடைகள் முளைத்தன. எள்ளுருண்டை, பஞ்சுமிட்டாய், கரும்பு, கடலை, சர்பத் என்று வீதியோரம் நிறைந்தது. சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து வாங்கித் தின்றார்கள். தொற்றுநோய்க்குப் பயந்து பாதை மாறிய வேல், ஆண்டுக்கு ஒருமுறை கொழும்பைத் தெருவில் நின்று சாப்பிட வைத்தது.

அந்த முரண் இன்றுவரை தீரவில்லை. கொழும்பு தெருவுணவை விரும்புகிறது, அதற்குப் பயப்படவும் செய்கிறது. பயம் வரும்போதெல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏறுபவர் விற்பவர்தான். அவருடைய நகம், அவருடைய சாரம், அவருடைய தும்மல், அவருடைய வண்டில் எல்லாம் விசாரிக்கப்பட்டுவிட்டன. வண்டிலுக்கு அடியில் தொங்கும் வாளியை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. காலையில் நிரப்பிய அந்த ஒரு வாளித் தண்ணீரில்தான் கையும் கத்தியும் கோப்பையும் மாங்காயும் இரவுவரை கழுவப்படுகின்றன. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, ஏன் ஒரு வாளியோடு நின்றுபோனது என்று கேட்டால் நகரத்தின் ஒன்றரை நூற்றாண்டுச் சுகாதார வரலாறு முழுவதையும் புரட்ட வேண்டியிருக்கும். புரட்டிப் பார்த்தால், தெருவுணவில் சேரும் கிருமிக்கு விற்பவரின் பழக்கத்தைவிட நகரம் அவருக்குத் தராமல் விட்ட தண்ணீரே பெரிய காரணம் என்பது தெரியும்.

இந்த ஊரில் சட்டம் கிருமிக்கு முந்திப் பிறந்தது. தொல்லைகள் கட்டளைச் சட்டம் 1862இல் வந்தது. கொழும்பு மாநகர சபைக்கு வழிசெய்த சட்டம் 1865இல் வந்தது. றொபேட் கொக் வாந்திபேதிக் கிருமியைக் கல்கத்தாவில் அடையாளம் கண்டு உறுதிசெய்ததோ 1884இல். நோயாளியின் துணியைத் துவைத்த குளத்திலேயே ஊரார் குடிக்கவும் தண்ணீர் அள்ளினார்கள் என்பதை அவர் அங்கே கண்டார். ஆகவே நமது நகரச் சட்டங்களின் மூத்த அடுக்கு எழுதப்பட்டபோது, நோய் நாற்றத்திலிருந்தும் நெரிசலிலிருந்தும் வருகிறது என்பதே படித்தவர்களின் நம்பிக்கையாக இருந்தது. நாறுவதை அகற்று, கூட்டத்தைக் கலை, வருகிறவனை மறி. 1897இன் தொற்றுத்தடைக் கட்டளைச் சட்டமும் இந்த மூன்றாவது எண்ணத்தை ஒட்டியதுதான். தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் ராகமையிலும் பின்னர் மண்டபத்திலும் முகாம்களில் தடுத்து வைக்கப்பட்டது அதன்படிதான். அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப், 1910இல் கதிர்காமத்துக்கே போய்த் தங்கி யாத்திரிகர் கூட்டத்தை மேற்பார்வை செய்தார். கிருமியைக் கண்டுபிடித்த பிறகும் சட்டத்தின் பார்வை மனிதரின் உடலை விட்டு விலகவில்லை. தெரு வியாபாரி அந்தப் பார்வைக்குள் மிக எளிதாக அகப்படுபவர். அவர் கண்ணெதிரே நிற்கிறார், கூட்டம் சேர்க்கிறார், எங்கிருந்தோ வந்தவராகவும் இருக்கிறார்.

ஆனால் அதே காலத்தில் வேறொரு வேலையும் சத்தமில்லாமல் நடந்தது. கிணறுகளை நம்பியிருந்த கொழும்புக்கு 1880களில் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்வழியே மலைத்தண்ணீர் வந்தது. ஜேம்ஸ் மான்சேர்க் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் வகுத்த திட்டத்தை ஒட்டி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கழிவுநீர்க் குழாய்கள் புதைக்கப்பட்டன. டி சொய்சா குடும்பத்தின் கொடையால் எழுந்த பக்டீரியா ஆய்வு நிலையம், பின்னர் மருத்துவ ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. அங்கே 1903 முதல் பணியாற்றிய அல்டோ கஸ்ரெலானி வயிற்றுளைச்சல் கிருமிகளை ஆராய்ந்து, ஒன்றுக்கு இலங்கையின் பெயரையே வைத்தார். மாநகர சபைக்கென்று தனிச் சுகாதாரத் திணைக்களமும் கிருமி ஆய்வுகூடமும் வந்தன. 1914இல் கொழும்பில் பிளேக் நுழைந்தபோது, நகரத்தின் பக்டீரியா நிபுணர் ஹேர்ஸ்ற் எலிகளின் தெள்ளுகளை எண்ணத் தொடங்கினார். பம்பாயை அழித்த பிளேக் கொழும்பில் ஏன் அந்த அளவுக்குப் பரவவில்லை என்பதற்கு, இங்குள்ள எலிகளில் பெரும்பாலும் வேறு இனத் தெள்ளு, நோயை நன்றாகக் கடத்தாத தெள்ளு, இருந்ததே காரணம் என்று காட்டினார். அரிசி மூட்டை சுமந்தவரைச் சந்தேகித்திருந்தால் இந்த உண்மை ஒருநாளும் தெரிந்திருக்காது. சுகாதார வரலாற்றில் கொழும்பு பெருமையோடு சொல்லிக்கொள்ளத்தக்க கதை இது.

குழாய் வந்தது, ஆனால் அது வீட்டுக்கு வந்தது, தெருவுக்கு வரவில்லை. கறுவாத்தோட்டத்து மாளிகைக்கு உள்குழாய். கொட்டாஞ்சேனைத் தோட்டத்துக்கு, அதாவது ஒரு முற்றத்தைச் சுற்றி நெருங்கிய லயன் வீடுகளுக்கு, ஒரு பொதுக்குழாயும் வரிசையும். பல குடும்பங்களுக்கு ஒரே மலசலகூடம். ஜம்பட்டா வீதியிலும் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் வாசலிலும் விற்பவர்களில் பலர், வடைக்கு அரைப்பதும் கடலை அவிப்பதும் இப்படிப்பட்ட முற்றங்களில்தான். பொதுக்குழாயில் பிடித்த தண்ணீர் வீட்டுத் தேவை போக வாளியில் ஏறி வண்டிலுக்குப் போகிறது. குழாயில் வரும்போது குளோரின் சேர்ந்த நல்ல தண்ணீர் அது. திறந்த வாளியில், வெயிலில், நூறு கை பட்ட பிறகு அதில் குளோரினும் மிஞ்சாது, நல்லதும் மிஞ்சாது. கழிவுநீருக்கும் இதே கதைதான். நகரத்தின் கழிவுநீரைக் கடலுக்குள் கொண்டுபோய் விடும் இரண்டு பெருங்குழாய்களில் ஒன்று கொட்டாஞ்சேனையை ஒட்டிய முகத்துவாரத்திலும் மற்றது வெள்ளவத்தையிலும் இருக்கின்றன. முழு நகரத்தின் அழுக்கும் இந்த இரண்டு ஊர்களின் கரையைக் கடந்து போகிறது. அதே கரையோரத்தில் மாலையில் கடலை விற்பவருக்குக் கை கழுவ ஒரு பீலி கிடையாது.

விற்பவருக்குத் தன் தொழிலில் அறிவில்லை என்று நினைப்பது தவறு. பக்டீரியா என்ற சொல் தெரியாத காலத்திலேயே, அதை அடக்கும் வழிகள் தெருவுணவுக்குள் தொழில்நுட்பமாகக் குடியிருந்தன. வறுத்த கடலையில் ஈரமில்லை, ஈரமில்லாத இடத்தில் கிருமி பெருகாது. வடை கொதிக்கும் எண்ணெயிலிருந்து நேரே கைக்கு வருகிறது. எள்ளுருண்டையில் சர்க்கரை தண்ணீரைக் கட்டிப் போட்டுவிடுகிறது. வினாகிரியும் கடுகும் உப்பும் சேர்த்து ஊறவைத்த பழைய அச்சாறின் புளிப்பில் நெருப்புக் காய்ச்சல் கிருமியால் வளர முடியாது. தேத்தண்ணி கொதித்த நீர். இளநீரும் செவ்விளநீரும் இயற்கையே மூடி முத்திரையிட்ட பாத்திரங்கள். கொத்து ரொட்டிக்காரரின் இரும்புத் தட்டைத் தொட்ட எந்தக் கிருமியும் பிழைப்பது கடினம். சூடு, உப்பு, புளி, வறட்சி, உடனே விற்பது என்ற ஐந்தும் ஏடறியாத ஓர் அறிவியல். இதை மனதில் வைத்துப் பார்த்தால், ஆபத்து தெருவில் விற்பதால் வந்ததல்ல என்பதும், இந்த ஐந்தும் எங்கே தளர்ந்தனவோ அங்கே நுழைந்தது என்பதும் தெளிவாகும்.

எங்கே தளர்ந்தன? முதலில் ஐஸில். 1866இலேயே கொழும்பில் ஐஸ் தொழில் தொடங்கிவிட்டது. நாளடைவில் சர்பத்துக்கும் பலூடாவுக்கும் ஐஸ் இல்லாமல் ஆகாது என்றானது. குளிர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. மீனுக்கு அடைத்த ஐஸும் குடிக்கும் ஐஸும் ஒரே சாக்கில் வந்தால் கோப்பையில் எல்லாம் விழித்துக்கொள்ளும். 1991இல் பெருவில் வாந்திபேதி வெடித்தபோது ஆய்வாளர்கள் நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டுக் கேட்டதில், கொதிக்க வைக்காத தண்ணீரோடு, தெருவில் ஐஸ் போட்டு விற்ற பானங்களும் பிடிபட்டன. அந்த நாட்டின் நகரக் குழாய்களிலேயே குளோரின் ஒழுங்காக இல்லை என்பதும் அப்போது வெளிவந்தது. அடுத்தது வெட்டிய பழம். மாங்காயிலும் அன்னாசியிலும் மிளகாய்த்தூளும் உப்பும் தூவி, ஊறாமல் அன்றே விற்கும் புது அச்சாறில் பழைய புளிப்பின் காவல் பாதிதான் இருக்கிறது. கத்தியும் பலகையும் கழுவும் வாளி மீதிப் பாதியையும் அழிக்கிறது.

மூன்றாவது, சோத்துப் பார்சல். இதற்கு ஒரு தனி வரலாறு உண்டு, அதைக் கொழும்புத் தமிழர் நன்றாக அறிவர். 1983 ஆடிக் கலவரம் வேல் விழாவைப் பல ஆண்டுகள் நிறுத்தியது. கடைகளையும் மனிதரையும் எரித்தது. அதன் பின்னர் போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலுமிருந்து வெளிநாட்டு விசாவுக்கும் வைத்தியத்துக்கும் உயிருக்கும் கொழும்புக்கு வந்தவர்கள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் லொட்ஜ்களில் தங்கினார்கள். மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில். 2007 ஜூன் மாதத்தில் ஒரு விடிகாலையில் லொட்ஜ்களிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பஸ்களில் ஏற்றி அனுப்பிய நிகழ்வும், உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்த அறைகளில் அடுப்பு இல்லை. அறையில் அடுப்பில்லாத ஊரில் பார்சல் பெருகும். விடியுமுன் சமைத்து, சூட்டோடு பொலித்தீன் லஞ்ச் சீற்றில் கட்டி, பெட்டியில் அடுக்கி, மதியம் தாண்டியும் விற்ற சோறு அது. அவித்த சோற்றில் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிநீரையும் தாங்கி உயிரோடிருக்கும். பெரிய சட்டியில் மெல்ல ஆறும் இறைச்சிக் கறியிலும் அதுபோல இன்னொன்று. ஐந்து பாகைக்கும் அறுபது பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் அவை விழித்து, வசதியான நிலையில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். விடிகாலை ஐந்து மணிச் சோற்றைப் பிற்பகல் இரண்டு மணிக்குத் தின்னும்போது நாம் உண்பது அந்த ஒன்பது மணிநேரத்தையும்தான். பொலித்தீன் லஞ்ச் சீற்றுகளை 2017இல் தடைசெய்தார்கள், அது குப்பை மேட்டுக்காக. உள்ளே கட்டிய சோற்றின் வயதைப் பற்றி எந்தத் தடையும் பேசவில்லை.

இங்கே ஒரு நேர்மையான மறுப்பு எழும். எல்லாவற்றையும் தண்ணீரின் தலையில் போடலாமா? மூக்கிலும் புண்ணிலும் குடியிருக்கும் ஸ்ரபிலோகொக்கஸ் கிருமி கையால் சோற்றுக்கு வருகிறது. அது விடும் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் போகாது. அந்தக் கைக்கு உரியவர் பொறுப்பில்லையா? பொறுப்புத்தான். கையில் கட்டுப் போட்டபடி ரொட்டி தட்டுபவரை எந்த வரலாறும் மன்னிக்காது. ஆனால் பொறுப்பைச் சுமக்கக் கருவி வேண்டும். சவர்க்காரம் ஓடும் தண்ணீரோடுதான் வேலை செய்யும், வாளியில் தோய்த்த கைக்கு அது வெறும் வாசனை. மேலும், கையின் குற்றம் தெருவுக்கு மட்டும் உரியதல்ல. நமது ஊர்க் கடைகளில் உட்கார்ந்தவுடன் ரோல்ஸ், பற்றீஸ், கட்லட், வடை என்று தட்டு நிறையச் சோட்டீட்ஸ் கொண்டுவந்து வைப்பார்கள். வேண்டியதை எடுக்கலாம், எடுத்ததற்குக் காசு. எடுக்காதது அடுத்த மேசைக்குப் போகும். எத்தனை விரல் அமுக்கிப் பார்த்தது, எத்தனை பேர் அதன் மேல் பேசிச் சிரித்தார்கள் என்று தட்டு சொல்லாது. கண்ணாடிக் கதவும் மின்விசிறியும் உள்ள அந்தக் கடைக்கு உரிமம் உண்டு. வெளியே கொதிக்கும் எண்ணெயிலிருந்து வடையை எடுத்துத் தருபவருக்கு இல்லை. கிருமியை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் இந்த வரிசை சில வேளைகளில் தலைகீழாகும்.

இன்னொரு பேச்சு தெருவுணவை நேசிப்பவர்களிடமிருந்தே வருகிறது. நம்ம வயிறு பழகின வயிறு, நமக்கு ஒன்றும் ஆகாது என்பது அது. இதை நான் முழுமையாக மறுக்கிறேன். பழகின வயிறு என்பது பிழைத்தவரின் வயிறு. பிழைக்காத பிள்ளைகள் இந்த வாதத்தில் பேச வரமாட்டார்கள். அசுத்த உணவால் ஆண்டுதோறும் உலகில் சுமார் 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள், இறப்பவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் மதிப்பிட்டது. யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணக்கல் நிலத்தில் கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே இருக்கும் அந்தக் குடாநாட்டில் நெருப்புக் காய்ச்சல் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகமாகக் காணப்பட்டு வந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அதே தண்ணீரைக் குடித்தும் வயிறு பழகிவிடவில்லை.

சட்டம்தான் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1949இன் உணவு, மருந்துச் சட்டத்துக்குப் பதிலாக 1980இன் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வந்தது. பின்னர் 2011ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார ஒழுங்குவிதிகள் வந்தன. அவற்றை நடைமுறைப்படுத்துவது உள்ளூராட்சி மன்றங்களின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், நாம் பி.எச்.ஐ. என்று அழைப்பவர்கள். வெயிலிலும் மழையிலும் நடந்து, மிரட்டலும் வாங்கி வேலை செய்பவர்கள் அவர்கள். குறை அவர்களிடம் இல்லை. விதிகள் பெரும்பாலும் கட்டடத்தை மனதில் வைத்தவை. சுவர், தரை, கூரை, கழிவு வாய்க்கால், குழாய் என்று கேட்டால் வண்டிலுக்கு எல்லாவற்றுக்கும் பதில் இல்லை என்பதே. பிறகு மிஞ்சுவது துரத்துவதும் பறிமுதல் செய்வதும். துரத்தப்படுபவர் முதலில் எறிவது பாரமான தண்ணீரைத்தான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஓடத் தயாராக நிற்பவர் இரண்டு வாளி வைத்திருக்கமாட்டார்.

சிங்கப்பூர் தெருவைத் துடைத்துச் சுத்தம் செய்யவில்லையா, அதுபோலச் செய்தால் என்ன என்பவர்கள் அந்தக் கதையின் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள். 1960களின் கடைசியில் அங்கே தெரு வியாபாரிகளை முதலில் பதிவுசெய்தார்கள், பிறகுதான் நகர்த்தினார்கள். நகர்த்திய இடத்தில் ஒவ்வொரு கடைக்கும் குழாயும் கழிவு வாய்க்காலும் மின்சாரமும் இருந்தன. கடைசி வியாபாரி தெருவிலிருந்து உள்ளே போக 1980களின் நடுப்பகுதியாயிற்று. அந்தப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. விலைகொடுத்து வாங்கிய சுத்தம் அது. நமது ஊரில் வண்டிலை அகற்றிய இடத்தில் குழாய் வந்ததாக வெள்ளவத்தைச் சந்துகள் எதுவும் காட்டவில்லை. வண்டில் மட்டும் அடுத்த சந்துக்குப் போயிருக்கும்.

நடமாடும் உணவை ஒழுங்குபடுத்தவே முடியாது என்ற கடைசிச் சமாதானத்துக்கு, இந்த நாட்டின் வெசாக் மாதமே எதிர்ச்சாட்சி. ஒவ்வொரு ஆண்டும் நாடெங்கும் தன்சல்கள் எனப்படும் இலவச உணவுப் பந்தல்கள் ஆயிரக்கணக்கில் வீதியோரத்தில் ஓரிரு நாளுக்கு எழுகின்றன. சுவரில்லை, நிரந்தரக் கூரையில்லை, சமைப்பவர்கள் தொழில்முறைச் சமையற்காரரும் இல்லை. ஆயினும் நடத்துபவர்கள் முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் பதிவுசெய்கிறார்கள். பி.எச்.ஐ. வந்து தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் பரிமாறுகிறார்கள் என்று பார்த்து, செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுக்கிறார். யாரும் யாரையும் துரத்துவதில்லை. தமிழர் பக்கத்தில் வேல் வரும் வழியிலும் தண்ணீர்ப்பந்தல் போட்டு மோரும் சர்பத்தும் ஊற்றுவார்கள். பக்கத்துக் கடைக்காரரோ வீட்டுக்காரரோ தம் குழாயிலிருந்து நீண்ட ரப்பர் குழாய் ஒன்றை வீதிக்கு இழுத்துவிடுவார், அண்டாக்கள் நிரம்பிக்கொண்டே இருக்கும். தேர் போய்ப் பந்தலைப் பிரித்த மறுநாள் அந்த ரப்பர் குழாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுவார்கள். அதே மூலையில் மாலையில் வடை வண்டில் வந்து நிற்கும், அடியில் ஒரு வாளியோடு.